வெனிவெல் தண்ணீர் மாத்திரைக்கு ஈடாகுமா?

அன்பின் ஐயா,
எங்கள் தோட்டத்தில் அம்மாயி காலத்திலிருந்தே புண்ணை வெனிவெல் கொடியின் தண்டை அவித்த தண்ணீரில்தான் கழுவுவோம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் அதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்த்தாள். ஸ்பிரிட்டில் ஊறவைத்த சாற்றில் வடிதாள் வில்லையை நனைத்து, பக்டீரியா வளரும் கிண்ணத்தில் வைத்தாளாம். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாத வளையம். அப்படியானால் இதுவே மருந்துதானே? ஆஸ்பத்திரி மாத்திரை எதற்கு?
— ஒரு வாசகி, ஹட்டன்

அன்பின் சகோதரிக்கு,

மகளை நினைத்து மிகவும் சந்தோஷப்பட்டேன். வெனிவெல், அதாவது மரமஞ்சள் தண்டை வெட்டினால் தெரிகிறதே மஞ்சள், அது பெர்பெரின் என்ற அல்கலாய்டின், அதாவது செடியில் உண்டாகும் ஒருவகை இரசாயனப் பொருளின் நிறம். புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் போன்ற கிருமிகளின் வளர்ச்சியை அது ஆய்வுகூடத்தில் தடுக்கிறது. அம்மாயி காரணமில்லாமல் அதைத் தேடவில்லை.

ஆனால் வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த வில்லை ஒன்றையும் மகள் பக்கத்தில் வைத்தாளா? ஸ்பிரிட்டே கிருமியைக் கொல்லுமே. நன்றாகக் காயவிட்ட பிறகுதான் வில்லையை வைக்க வேண்டும். வளையத்தின் அகலத்தை வைத்தும் வீரியத்தை முடிவுகட்ட முடியாது. சில பொருட்கள் கிண்ணத்திலுள்ள ஜெல்லியில் சட்டென்று பரவும், சில பரவாது. சாற்றைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை கிருமி வளராமல் நிற்கிறது என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெர்பெரின் உள்ளே வந்ததும் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமி அதைத் தன் மென்சவ்விலுள்ள பம்பால் வெளியே தள்ளிவிடும். பெர்பெரிஸ் என்ற இன்னொரு செடியினத்திலும் இதே பெர்பெரின் உண்டு. அந்தப் பம்பை அடைக்கும் வேறொரு பொருளும் அதே செடியில் இருப்பதை 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது தனியாக எந்தக் கிருமியையும் கொல்லாது. ஒவ்வொரு பொருளையும் பிரித்துத் தனித்தனியே சோதித்திருந்தால், இதை உதவாதது என்று ஒதுக்கியிருப்பார்கள். முழுச் செடியை அவித்த கைவைத்தியத்தை நான் மதிப்பது இதனால்தான்.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிண்ணத்தில் கிருமியைத் தடுப்பது வேறு, உடம்புக்குள் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்காமல் வேலை செய்வது வேறு. புண் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் சொன்ன நாள்வரை மாத்திரையைப் போடுங்கள்.

அப்புறம், சோதனைக்கென்று காட்டில் கொடியை வெட்ட வேண்டாம். அது மிக மெதுவாக வளர்வது, வெட்டி வெட்டியே அருகிப்போனது. மருந்துக்கடையில் வாங்கும் ஒரு துண்டு மகளுக்குத் தாராளமாகப் போதும். புண்ணிலிருந்து எடுத்த கிருமியைப் பாடசாலையில் வளர்க்கவும் வேண்டாம். ஆசிரியர் தரும் பாதுகாப்பான இனமே போதும்.