ஊசி முனையில் 42 டிகிரி: அம்மாவின் கழுத்து வலிக்குப் பல்ஸ்டு ஆர்.எஃப். செய்யலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. கழுத்திலிருந்து வலது கட்டைவிரல் வரை இறங்கும் வலி ஏழு மாதங்களாகப் படுத்துகிறது. மாத்திரையும் பிசியோதெரபியும் பெரிதாக உதவவில்லை. வலி மருத்துவர் ‘பல்ஸ்டு ஆர்.எஃப்.’ (ரேடியோ அதிர்வெண் மின்சாரத்தை ஊசி வழியாக விட்டுவிட்டுத் துடிப்புகளாகக் கொடுப்பது) செய்யலாம் என்கிறார். நரம்பைச் சுட்டுவிடுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். நான் இயந்திரப் பொறியாளர். ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஊசி முனையைச் சுற்றி வெப்பம் பரவும் கணினிப் படத்தைப் பார்த்தேன். 42 டிகிரிக்கு மேல் போகாது என்று மருத்துவர் சொன்னார். படத்தில் முனையோரம் அதைத் தாண்டிச் சிவந்திருக்கிறது. எதை நம்புவது?

பதில்: அம்மாவின் பயம் நியாயமானது. ஆர்.எஃப். என்ற ஒரே பெயரில் இரண்டு சிகிச்சைகள் இருக்கின்றன. பழையது உண்மையாகவே சுடுவதுதான். ஊசி முனையை ஏறத்தாழ 80 டிகிரியில் ஒன்று, ஒன்றரை நிமிடம் வைத்து, வலியைக் கடத்தும் நரம்பிழையைச் செயலிழக்கச் செய்வார்கள். அம்மாவுக்குச் சொல்லியிருப்பது வேறு. 20 மில்லி விநாடி மின்சாரம், 480 மில்லி விநாடி ஓய்வு. இப்படி விநாடிக்கு இரண்டு முறை. ஒரு விநாடியில் மின்சாரம் பாயும் நேரம் மொத்தமே 40 மில்லி விநாடிதான். அதே மின்னழுத்தத்தை இடைவிடாமல் கொடுத்தால் உண்டாகும் வெப்பத்தில் இது 25-இல் ஒரு பங்கு. நெதர்லாந்தின் மென்னோ ஸ்லைட்டரும் அவருடைய சகாக்களும் 1998-இல் இந்த முறையை வெளியிட்டார்கள். ஊசியும் இயந்திரமும் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் குழப்பம் வருகிறது. சம்மதப் படிவத்தில் ‘ஆர்.எஃப்.’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், எந்த வகை என்று எழுதித் தரும்படி கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி நீங்கள் பார்த்த சிவப்பு. மருத்துவர் சொன்னதும் சரி, படமும் சரி.

இத்தகைய படத்துக்கான கணினிக் கணக்கில் ஊசியையும் அதைச் சூழ்ந்த திசுவையும் சின்னஞ்சிறு கூறுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூறிலும் மின்புலம் எவ்வளவு, அதனால் பிறக்கும் வெப்பம் எவ்வளவு, அந்த வெப்பம் எங்கே போகிறது என்று படிப்படியாகக் கணக்கிடுகிறார்கள். கடைசிப் படிக்குப் பெரும்பாலும் ஹாரி பென்னஸ் 1948-இல் வெளியிட்ட சமன்பாடுதான் கைகொடுக்கிறது. மனிதர்களின் முன்கையில் வெப்பநிலையை அளந்து, ரத்தம் எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்தவர் அவர்.

எரிக் காஸ்மன் என்ற ஒரே பெயருள்ள தந்தையும் மகனும் 2005-இல் வெளியிட்ட கணக்கீடு, நீங்கள் கண்டதைத்தான் காட்டியது. ஒவ்வொரு துடிப்பிலும் ஊசியின் கூரிய நுனியில் வெப்பம் சட்டென்று எகிறி உடனே அடங்குகிறது. இயந்திரத்தின் திரையில் தெரியும் 42 டிகிரி இந்த எகிறலைக் காட்டுவதில்லை. ஊசிக்குள் இருக்கும் வெப்ப உணரி அவ்வளவு வேகமாகப் பின்தொடர முடியாமல், சராசரியையே சொல்கிறது.

அப்படியானால் நரம்பு வெந்துவிடாதா? உங்கள் துறைக் கணக்கையே போட்டுப் பாருங்கள். 20 மில்லி விநாடியில் வெப்பம் திசுவுக்குள் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே நகர முடியும். பிறகு வரும் ஓய்வு அதைப் போல 24 மடங்கு நீளம். அதற்குள் அந்தச் சிறு வெப்பம் அக்கம்பக்கத்தில் கரைந்துபோகிறது. திசு கெடுவதை வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அதற்காக, ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். எலிகளின் நரம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் செல்லுக்குள் நுண்ணிய மாற்றங்களைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அது 80 டிகிரிச் சூடு செய்யும் அழிவிலிருந்து வெகுதூரம்.

அந்தக் கட்டுரையை மறுபடி திறந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள்: துடிப்புகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டார்களா, அல்லது சராசரி மின்சாரத்தைச் சீராகக் கொடுத்ததாக வைத்துக்கொண்டார்களா? சராசரியை எடுத்தால் நுனியின் எகிறல் படத்திலேயே வராது. இன்னொரு பலவீனம், திசு முழுவதையும் ஒரே பொருளாகக் கருதுவது. கழுத்தில் நரம்பு வேரைச் சுற்றி எலும்பு, கொழுப்பு, முதுகுத்தண்டு நீர் எல்லாம் நெருங்கி நிற்கின்றன. அந்த நீர் தசையைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். எலும்பும் கொழுப்பும் மிகக் குறைவாகவே கடத்தும். ஆகவே அந்தப் படம் உங்கள் அம்மாவின் கழுத்துப் படம் ஆகாது.

என்னைக் கேட்டால், இந்தக் கணக்கில் நோயாளிக்கு மிகவும் பயன்படும் செய்தி வெப்பத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. பல்ஸ்டு முறையில் வேலை செய்வது வெப்பத்தைவிட மின்புலமே என்று பெரும்பாலோர் கருதுகிறோம். ஊசி நுனியை ஒரு சிறு கோளமாக வைத்துக்கொண்டால், அதன் மையத்திலிருந்து 1 மில்லிமீட்டரில் உள்ள மின்புலம் 2 மில்லிமீட்டரில் கால் பங்காகிவிடும். அங்கே பிறக்கும் வெப்பம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே சிகிச்சை மாறிவிடுகிறது. எனவே இயந்திரத்தின் பிராண்டை விசாரிப்பதைவிட, ஊசி வைக்கும் மருத்துவருக்குக் கழுத்தில் எவ்வளவு அனுபவம் என்று விசாரியுங்கள்.

வலி குறையுமா என்பதைக் கணினி சொல்லாது. மின்புலம் நரம்பு முடிச்சை (நரம்பு வேரில் நரம்புச் செல்கள் திரண்டிருக்கும் இடம்) எட்டியது என்பதோடு அதன் கணக்கு முடிகிறது. மீதியை நோயாளிகளிடம்தான் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு இருப்பது போன்ற, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலிக்கு யான் வான் சுண்டெர்ட் குழுவினர் 2007-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். யாருக்கு மின்சாரம் பாய்ந்தது, யாருக்கு வெறும் ஊசி என்பது நோயாளிக்கும் மதிப்பிட்டவருக்கும் தெரியாது. மூன்று மாதங்களில் மின்சாரம் பெற்றவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஆனால் மொத்தம் 23 பேர்தான். அதே ஆண்டு வெளியான இன்னொரு சோதனையில், முக நரம்பு வலிக்குச் சுடும் முறை பலன் தந்தது. பல்ஸ்டு முறை தரவில்லை. ஒரு வலிக்கு உதவியது எல்லா வலிக்கும் உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அம்மாவின் நிலைக்கு இதைச் செய்து பார்க்கலாம் என்பதே என் கருத்து. சில மாத நிவாரணத்தை எதிர்பாருங்கள். தேவைப்பட்டால் திரும்பச் செய்யலாம். பேஸ்மேக்கர் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். பிடிக்கும் பொருள் கைநழுவினால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், நடை தள்ளாடினால் ஊசிக்கு முன் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முழு மயக்கம் கொடுங்கள் என்று மட்டும் வற்புறுத்தாதீர்கள். தோலை மரத்துப்போகச் செய்துதான் ஊசியை இறக்குவார்கள். சிகிச்சை மின்சாரத்துக்கு முன், அரை வோல்ட்டுக்கும் குறைவான மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி இடத்தைச் சரிபார்ப்பார்கள். அந்த நேரத்தில் அம்மா விழித்திருக்க வேண்டும். குறுகுறுப்பு தோளோடு நின்றால் ‘தோளில்’ என்றும், வழக்கமாக வலிக்கும் அதே பாதையில் கட்டைவிரல் வரை இறங்கினால் ‘விரலில்’ என்றும் உடனே சொல்ல வேண்டும். இதை வீட்டிலேயே ஒருமுறை அவருக்கு விளக்கிவிடுங்கள்.