பூனைகளைச் சாக்கில் கட்டி வெளியேற்றச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வாழும் எட்டுப் பூனைகளுக்கு உணவு வைத்து வருகிறேன். அவற்றைச் சாக்கில் பிடித்து ஊருக்கு வெளியே விடவும், உணவு வைத்தால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கவும் குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. விஷம் வைப்பேன் என்று ஒருவர் மிரட்டுகிறார். என்ன செய்வது? – வாசகி, கோவை

பதில்: விஷ மிரட்டலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். மிரட்டியவரின் பெயர், தேதி, சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை எழுதி இன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பூனை ஏதேனும் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் புதைத்துவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் இத்தகைய வழக்குகள் நிற்பதில்லை.

அடுத்தது தீர்மானம். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளில் விதி 20, வளாகத்தில் வாழும் உரிமையாளரற்ற விலங்குகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைச் சங்கத்தின் மீதே வைக்கிறது. எனவே உணவு வைத்ததற்காகவே அபராதம் என்பது நிற்காது என்பது என் கருத்து. தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025-இல் பிறப்பித்த உத்தரவுகளை அவர்கள் காட்டினால், அவை முக்கியமாக நாய்களைப் பற்றியவை என்று சொல்லுங்கள். சாக்கில் திணித்துக் கொண்டுபோய்ப் பட்டினி கிடக்கும்படி விடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரைதான். இத்தனை ஆண்டுகளாக அதை உயர்த்தாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு.

அதே விதி 20 உங்களையும் கட்டுப்படுத்துகிறது. உணவு வைக்கும் இடம் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதாக, குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். மிச்சத்தை அகற்றுவது உங்கள் வேலை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கருத்தடை செய்யாமல் உணவு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், நாளடைவில் சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் அண்டை வீட்டார் யாரும் உங்கள் பக்கம் இருக்க மாட்டார்கள். பெண் பூனை பிறந்த ஐந்தாறு மாதத்திலேயே சினையாகிவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை குட்டி போடும். இருப்பவற்றைப் பிடித்துப்போய் விட்டாலும், தீனியும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை அக்கம்பக்கத்துப் பூனைகள் அங்கே வந்து சேரும். கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடுவதுதான் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி. அறுவை முடிந்ததற்கு அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். அதனால் ஒரே பூனையை மறுபடி பிடிக்க நேராது. இரவெல்லாம் கத்திச் சண்டையிட்டு, சுவரெங்கும் சிறுநீர் பீய்ச்சும் கடுவன்களும் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் அண்டை வீட்டாரின் கோபத்தில் பாதி அதனால்தான் இருக்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்துச் சங்கச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: தீர்மானத்தைத் திரும்பப் பெறக் கோரிக்கை, நீங்கள் முன்மொழியும் இடமும் நேரமும், எட்டுப் பூனைகளுக்கும் கருத்தடை முடிக்கும் கால அட்டவணை, செலவில் சங்கம் ஏற்க வேண்டிய பங்கு. உடன்பாடு எட்டாவிட்டால், விதி 20 சொல்லும் விலங்கு நலக் குழுவை அமைக்கக் கோரி மாநகராட்சிக்கு எழுதுங்கள். கால்நடை அதிகாரியும் காவல் துறைப் பிரதிநிதியும் அதில் இருப்பார்கள். உங்களுக்கும் சங்கத்துக்கும் இடமுண்டு. உணவு வைக்கும் இடம் பற்றி அக்குழு எடுக்கும் முடிவே இறுதியானது.