ஆடும் கீழ்ப்பல்செட்டுக்கு இம்பிளான்ட்: கேள்வி பதில்

பல்செட், இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டேனியம் திருகு) மேல் மாட்டும் பல்செட் இரண்டும் என் துறை. கேளுங்கள். வேர் சிகிச்சை, பல் வரிசைக்குக் கம்பி கட்டுவதெல்லாம் இங்கே வேண்டாம்.

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 71 வயது. மேல்செட் கச்சிதம். கீழ்செட் பேசும்போதே எழும்பி வருகிறது. மூன்று முறை மாற்றியாகிவிட்டது, பசையும் நிற்கவில்லை. செய்தவர் சரியில்லையா?

பதில்: செய்தவரைத் திட்டாதீர்கள், எலும்பு கரைந்திருக்கும். மேல்செட் அண்ணம் முழுக்கப் பரவி ஒட்டிக்கொள்ளும். கீழே இருப்பது லாட வடிவில் ஒரு மெல்லிய மேடு. நாக்கும் கன்னமும் அதை ஓயாமல் தள்ளும். பல் எடுத்த இடத்தில் எலும்பு முதல் வருடம் வேகமாகக் கரையும், பிறகு மெதுவாகக் கரைந்துகொண்டே போகும். கீழ்த்தாடையில் இது மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. நான்காவது செட்டும் ஆடத்தான் செய்யும்.

இவர்களுக்கு இரண்டு இம்பிளான்ட் போதும். கீழ்த்தாடையின் முன்பக்கம், கோரைப்பல் இருந்த இடங்களில். அங்கேதான் எலும்பு கடைசிவரை மிஞ்சும். உதட்டுக்குப் போகும் நரம்பும் அதற்குப் பின்னால்தான் வெளியே வருகிறது. சுமார் மூன்று மாதத்தில் எலும்பு டைட்டேனியத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் குமிழ் வைத்து, செட்டின் அடியில் பிடிப்பான் பொருத்தினால் அழுத்தி மாட்டிக்கொள்ளலாம். இப்போதைய செட் நன்றாக இருந்தால் அதிலேயே பொருத்தலாம். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகச் சொன்னார்கள். 2009-ல் இங்கிலாந்தின் யார்க்கில் கூடியவர்களும் அதையே சொன்னார்கள். ஆறு, எட்டு என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இம்பிளான்ட் டப்பாவில் நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் உதிரி இன்னொன்றில் உட்காராது.

கேள்வி: சர்க்கரை இருக்கிறது. போடலாமா?

பதில்: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) ஏழுக்குள் என்றால் தயங்கவேண்டாம். எட்டைத் தாண்டினால் குறைத்துவிட்டு வாருங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள்.

கேள்வி: எவ்வளவு ஆகும் மேடம்?

பதில்: ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இம்பிளான்ட், பிடிப்பான், செட், ஸ்கேன் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஸ்டிக்கரையும்.

கேள்வி: எலும்புத் தேய்மானத்துக்கு அம்மா வருடத்துக்கு ஒரு ஊசி போடுகிறார். பல் டாக்டரிடம் சொல்லணுமா?

பதில்: முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சோலிட்ரானிக் அமிலம், அலென்ட்ரோனேட் வகை மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு, தாடையில் கை வைத்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும். புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுத்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு மட்டும் எடுப்பவர்களுக்குக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்கட்டும். தாடைக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களும் இப்படித்தான் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

கேள்வி: நாற்பது வருடமாக வெற்றிலை பாக்கு.

பதில்: பாக்கு வாயை இறுக்கிவிடும். எவ்வளவு திறக்கிறது? இரண்டு விரல் நுழையவில்லை என்றால் துளைக்கருவி எப்படி நுழையும்? முதலில் வாயைக் காட்டுங்கள், இம்பிளான்டுக்காக இல்லாவிட்டாலும்.

கேள்வி: மூன்றே நாளில் நிலையான பல் என்று விளம்பரம் வருகிறதே?

பதில்: வரும். ஆடாத பல்லையும் பிடுங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு அப்படித்தான் போட்டோம். ஒன்றரை வருடமாக முறுக்கு கடிக்கிறார். தெரியாததைக் குறை சொல்லவேண்டாம் டாக்டர்.

பதில்: முறுக்கு கடிப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். உடனடியாகப் பல் மாட்டுவது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. போர்ச்சுகலின் பாலோ மாலோ நான்கு இம்பிளான்ட் மேல் முழு வரிசையை உடனே மாட்டும் முறையைப் பரப்பினார், அது நிலைத்துவிட்டது. திருகும்போதே இறுக்கமாக நிற்கவேண்டும், அவ்வளவுதான். உங்கள் மாமியாருக்குப் போட்டது அடி எலும்பின் கெட்டியான வெளி அடுக்கைப் பிடிக்கும் வகையாக இருக்கலாம். எலும்பு ரொம்பக் குறைந்தவர்களுக்கு அதுவும் ஒரு வழி. என் சண்டை, எல்லோருக்கும் அதையே விற்பதோடு. 1965-ல் ஸ்வீடனில் பிரேனெமார்க் இம்பிளான்ட் வைத்த முதல் நோயாளி 2006-ல் இறக்கும்வரை அதைப் பயன்படுத்தினார். ஒன்றரை வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எப்படியும் நிலையான பல்தானே உசத்தி? தினமும் கழற்றி மாட்டுவது அசிங்கம்.

பதில்: எண்பது வயதில் கை நடுங்கும்போது நிலையான வரிசையின் அடியில் யார் சுத்தம் செய்வது? அழுக்கு தங்கினால் ஈறு வீங்கி, சுற்றியுள்ள எலும்பு போய்விடும். கழற்றினால் மருமகளே தேய்த்து வைக்கலாம். மாமியாரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். ஸ்டிக்கர் தந்தார்களா?

கேள்வி: தரவில்லை.

பதில்: போய்க் கேளுங்கள்.

கேள்வி: டைட்டேனியம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். செட்டைக் கழற்றிவிடுங்கள். காந்தப் பிடிப்பான் என்றால் முன்பே சொல்லுங்கள்.

கேள்வி: செலவு எவ்வளவு டாக்டர்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: கடைவாய்ப்பல் கூசுகிறது. வேர் சிகிச்சை செய்யலாமா?

பதில்: முதல் வரியைப் படியுங்கள்.

கேள்வி: இரண்டு இம்பிளான்ட் போட்டு ஒரு வருடம். செட் லூசாகிவிட்டது. தோற்றுவிட்டதா?

பதில்: இல்லை. பிடிப்பானுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்திருக்கும். மாற்றுவது சின்ன வேலை, மரத்துப்போகும் ஊசிகூட வேண்டாம். குமிழே ஆடினால் மட்டும் அன்றைக்கே போங்கள்.