பௌர்ணமியில் தம்பிக்கு முற்றுகிறது: நிலாவைப் பார்ப்பதா, மாத்திரை அட்டையைப் பார்ப்பதா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய்) என்று சொல்லி மூன்று வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். பௌர்ணமி சமயத்தில் மட்டும் தூங்காமல், ஓயாமல் பேசிக்கொண்டு, சின்ன விஷயத்துக்கும் கத்துகிறான். கடந்த ஆறு மாதத்தில் நான்கு முறை இப்படி ஆகிவிட்டது. அந்தத் தேதிகளை இத்துடன் எழுதியிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர், பௌர்ணமியன்று மட்டும் ஆட்களைப் பார்க்கும் ஒருவரிடம் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டுப் பட்டினியாக வரவேண்டுமாம். நிலாவுக்கும் மனசுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இருக்கிறதா? கூட்டிப்போகலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டிப்போகாதீர்கள். யார் சொன்னாலும், எந்த நாளுக்காகவும், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த மேனியா, அதாவது தூக்கமில்லாமல் அளவுக்கு மீறிக் கொந்தளிக்கும் நிலை, சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிடலாம். தற்கொலை எண்ணம் தலைதூக்கும் ஆபத்தும் கூடவே வருகிறது. 'சரி, மாத்திரையை நிறுத்த வேண்டாம், பட்டினியை மட்டும் கடைப்பிடிப்போம்' என்று பாதி வழியில் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது இன்னொரு குழி. உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் அதன் அளவு ஏறும். கை நடுக்கம் அதிகமாகும், வாந்தி பேதி வரும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். இவை தெரிந்தால் மட்டும், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

இனி நிலா விஷயம்.

பௌர்ணமியன்று மனிதர்கள் மாறிவிடுகிறார்கள் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் உண்டு. மனநோயாளியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லே நிலாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். அதனால் இதை யாரும் பரிசோதிக்காமல் விட்டுவிடவில்லை. ஜேம்ஸ் ராட்டன், ஐவன் கெல்லி என்ற இருவர் 1985இல், அதுவரை வந்திருந்த 37 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசினார்கள். மனநல மருத்துவமனைச் சேர்க்கை, குற்றம், தற்கொலை என்று எல்லாம் அதில் இருந்தன. மனித நடத்தையில் காணும் ஏற்ற இறக்கத்தில் நிலாவின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் முடிவு. பிரசவத்துக்கும் இதே கதைதான்: அமெரிக்காவின் வட கரோலினாவில் 1997 முதல் 2001 வரை நடந்த ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்தார்கள், பௌர்ணமியன்று கூடுதலாக எதுவும் இல்லை.

'கடலையே இழுக்கிற நிலா, உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கும் மனிதனை இழுக்காதா?' என்று உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். ஆர்னால்ட் லீபர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1970களில் பரப்பிய வாதம் இது. கேட்பதற்குச் சரி போலத் தோன்றும். ஆனால் கடல் பொங்குவதற்குக் காரணம், பூமியின் இந்தப் பக்கம் நிலாவுக்குக் கொஞ்சம் கிட்டே, அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி என்று இருப்பதுதான். ஆறடி மனிதனின் தலைக்கும் காலுக்கும் நடுவே அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. இதைக் கணக்குப் போட்டு விளக்கினால் உங்களுக்குத் தலை சுற்றும், விட்டுவிடுவோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தம்பிக்குப் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால், அந்த வகையில் நிலாவைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகமாக நீங்கள்தான் அவரை இழுக்கிறீர்கள். இன்னொன்று, கடல் பொங்குவது அமாவாசையன்றும் அதே அளவுக்குத்தான். உங்கள் கடிதத்தில் அமாவாசை என்ற சொல்லே இல்லை.

நீங்கள் அனுப்பிய நான்கு தேதிகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் தேதி எழுதி வைத்தது பெரிய காரியம், பத்துக் குடும்பத்தில் ஒன்றுகூட இதைச் செய்வதில்லை. முதல் தேதி பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்பு. இரண்டாவது, ஒரு நாள் முன்பு. மூன்றாவது, பௌர்ணமி முடிந்து மூன்று நாள் கழித்து. நான்காவது, ஐந்து நாள் கழித்து. ஆக, பௌர்ணமி சமயம் என்று நீங்கள் சொல்வது 11 நாள். நிலாவின் ஒரு சுற்றே இருபத்தொன்பதரை நாள்தான். எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அது இந்த 11 நாளுக்குள் விழும்.

அதைவிட முக்கியமான ஒன்றை அந்தத் தேதிகள் காட்டுகின்றன. ஐந்து நாள் முன்பு, ஒரு நாள் முன்பு, மூன்று நாள் பின்பு, ஐந்து நாள் பின்பு. நிலாவைத் தாண்டிப் பின்னால் நழுவிக்கொண்டே போகிறது, பார்த்தீர்களா? நிலாதான் காரணம் என்றால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும். இடைவெளியை எண்ணினேன்: 63 நாள், மறுபடி 63 நாள், அப்புறம் 32 நாள். 63இல் பாதி முப்பத்தொன்றரை. அதாவது 31, 32 நாளுக்கு ஒருமுறை உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று நடக்கிறது. சில மாதம் அது தம்பியைத் தட்டுகிறது, சில மாதம் தப்பிவிடுகிறார். அந்த ஏதோ ஒன்று வானத்தில் இல்லை.

மருந்து 30 நாளுக்குத்தானே எழுதித் தருகிறார்கள்?

சில வருடங்களுக்கு முன்பு ஒரு அம்மா தன் மகனோடு வந்தார். நோட்டில் பௌர்ணமிகளை எல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார், பக்கத்திலேயே மகன் கத்திய நாட்கள். எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவரச் சொன்னேன். காலி அட்டைகளோடு ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தையும் மேசைமேல் வைத்தார். பிரித்தால் உள்ளே கத்தியால் நறுக்கிய பாதி மாத்திரைகள், ஓரமெல்லாம் பொடிந்து. மருத்துவமனை கொடுத்தது 30 நாள் மருந்து, அடுத்து வரச் சொன்ன தேதி 33ஆம் நாள். நடுவில் மருந்து தீர்ந்துவிடக் கூடாதே என்று அந்த அம்மா கடைசி மாத்திரைகளைப் பாதி பாதியாகக் கொடுத்து நாளை ஓட்டியிருக்கிறார். மருந்து குறைய, தூக்கம் கெட, தூக்கம் கெட்டதும் மகன் கத்த ஆரம்பித்திருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் சொல்ல மாட்டேன். 30 நாள் மருந்தைக் கையில் கொடுத்து 33ஆம் நாள் வா என்று சீட்டில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் என்று ஓடுகிற இடத்தில் 'மாத்திரை என்றைக்குத் தீர்ந்தது?' என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர்களுக்குக் கண்ணெதிரே தெரியும் காரணம் நிலா ஒன்றுதான், அதன் மேல் பழியைப் போடுகிறார்கள்.

மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் எதுவும் சில மாதங்களுக்கு நிலாவோடு சேர்ந்தே போவதுபோலத் தெரியும். சராசரியாகப் பார்த்தால் நாட்காட்டி மாதத்துக்கும் நிலாவின் சுற்றுக்கும் ஒரு நாள்கூட வித்தியாசம் இல்லை. சம்பள நாள், அன்றைக்குக் குடிக்கும் பழக்கம், கடன் தவணை, மாதவிலக்கு, மாத்திரை தீரும் நாள், எல்லாமே அப்படித்தான். அரை வருடம் ஒட்டிக்கொண்டு போய் அப்புறம் விலகும். விலகும்போது யாரும் எழுதி வைப்பதில்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தின் பாசெலில் 33 பேரை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்து எடுத்த பதிவுகளைப் பிறகு நிலாவோடு ஒப்பிட்டார்கள். பௌர்ணமியை ஒட்டிச் சுமார் 20 நிமிடம் தூக்கம் குறைந்ததாக 2013இல் வெளியிட்டார்கள். அது உலகம் முழுக்கச் செய்தி ஆனது. அடுத்த வருடமே, 470 பேரின் தூக்கத்தைப் பார்த்த இன்னொரு குழு அப்படி எதையும் காணவில்லை. அது அவ்வளவு பெரிய செய்தி ஆகவில்லை. எனக்குக் கோபம் வருவது இதில்தான். 2021இல் அர்ஜென்டினாவின் தோபா மக்களிடம் செய்த ஆய்வு ஒன்று, பௌர்ணமிக்கு முந்தின சில நாட்களில் மக்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள், குறைவாகத் தூங்குகிறார்கள் என்று காட்டியது. அந்த நாட்களில் சாயங்காலத்திலேயே நிலா மேலே இருக்கும், வெளிச்சம் கிடைக்கும். சாதாரண ஆட்களுக்கு அரை மணி நேரத் தூக்கம் போனால் ஒன்றும் ஆகாது. ஆனால் தம்பியின் நோய்க்குத் தூக்கம்தான் திரி, ஆகவே அவர் அறை ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். அதைவிட, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், முழு நிலா வெளிச்சம் ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வீட்டு விளக்கு அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் தரும். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கையும் போனையும் அணைப்பது திரையைவிட அதிகம் உதவும்.

ஒரு விதிவிலக்கை நான் மறைக்கக் கூடாது, ஏனென்றால் உங்களைக் கூட்டிப்போக வருபவர் நாளைக்கு அதையே காட்டுவார். தாமஸ் வேர் என்ற அமெரிக்க மனநல ஆராய்ச்சியாளர் 2018இல் 17 நோயாளிகளின் பதிவுகளை வெளியிட்டார். அவர்களுக்கு இருந்ததும் பைபோலார்தான். ஆனால் வேகமாகச் சுழலும் வகை: வருடத்துக்கு நான்கு தடவையோ அதற்கு மேலோ மனநிலை புரள்வது. அவர்களிடம் மனநிலை மாறும் நாட்கள் நிலாவின் சில சுழற்சிகளோடு ஒத்துப்போவதை அவர் கண்டார். மரியாதைக்குரிய வேலை, நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் கவனமாகக் கேளுங்கள். ஒன்று, 17 பேர் மட்டும், அதுவும் இந்த நோயிலேயே தனி வகை. இரண்டு, பௌர்ணமியன்று முற்றியது என்று அவர் சொல்லவில்லை. அவர் பார்த்தது 14.8 நாள் சுழற்சி போன்றவற்றை, அதாவது பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பொதுவான ஒன்றை. மூன்று, மிக முக்கியமானது: இவ்வளவு துல்லியமாக நாட்கள் தெரிந்தும், அதற்காக யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. நான்கு, அவர் கையில் இருந்தது நாள்தோறும், நீண்ட காலம் எழுதிய பதிவு. நம் கையில் இருப்பது நான்கு தேதி. உங்கள் தம்பியும் அந்த வகை என்று வைத்துக்கொண்டாலும் செய்ய வேண்டியது மாறாது. லித்தியம் ஒழுங்காக, தூக்கம் ஒழுங்காக, டாக்டரிடம் சொல்லி இரத்தத்தில் லித்தியம் அளவுப் பரிசோதனை.

அந்தத் தெரிந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவர்கள் எப்போது வருகிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டில் எல்லாம் அமைதியாக இருக்கும்போது வரமாட்டார்கள். இரண்டு இரவு யாரும் தூங்காமல், அழுது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போது கதவைத் தட்டுவார்கள். உச்சத்தில் இருக்கும் எதுவும் அடுத்த இரண்டு வாரத்தில் கொஞ்சமாவது இறங்கும், அந்த இறக்கத்துக்கு அவர்கள் பெயர் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த பௌர்ணமிக்கு நோய் மறுபடி வந்தால், 'விதி சரியாகக் கடைப்பிடிக்கவில்லை' என்பார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஏன் தெரியுமா? நிறுத்தியதும் நோய் முற்றும். முற்றினால் 'பார்த்தீர்களா, எவ்வளவு பெரிய பிரச்சினை' என்று அடுத்த மூன்று பௌர்ணமிக்கும் உங்களைக் கட்டிப்போடலாம். அழைத்துப்போகிறவருக்கு அங்கே வாங்கும் பணத்தில் பங்கு உண்டா என்று நேராகவே கேளுங்கள். கோபப்பட்டால் அதுவே பதில். மனநோயாளியின் குடும்பம் இப்படி மூன்று வருடம் அலைந்து, கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் மருத்துவமனைக்கு வருவதைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறவில்லை, அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இனிமேல் தேதியை இப்படி எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில், தம்பி எத்தனை மணி நேரம் தூங்கினார், எத்தனை மாத்திரை சாப்பிட்டார், இரண்டு எண் போதும். நல்ல நாளையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். பௌர்ணமி எப்போது என்று பார்க்காத ஒருவர் எழுதினால் இன்னும் நல்லது. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைத் தம்பியின் டாக்டரிடம் காட்டுங்கள். நடுவில் தொடர்ந்து இரண்டு இரவு நான்கைந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கி, மறுநாள் களைப்பே இல்லாமல் சுறுசுறுப்பாகத் திரிந்தால், அடுத்த ஓபி தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போன் செய்யுங்கள் அல்லது நேரில் போய்விடுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் மாத்திரை அட்டையை எடுத்து மீதி எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் நாள் வரை போதுமா என்று பாருங்கள். ஒரு மாத்திரை குறைந்தாலும் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். சீட்டில் 30 என்று இருப்பதை 37 என்று மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.