பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படித்து ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் லேபில் வேலை பார்க்க எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்?

கேள்வி கேட்டவர் தங்கச்சிமடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். "எல்லாவற்றையும் மெஷினே செய்துவிடுகிறதே, மூன்று வருடம் படிக்க அதில் என்ன இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். டியூபுக்குள் இருப்பதைத்தான் மெஷின் அளக்கும். உள்ளே இருப்பது நோயாளியின் உடம்பில் இருந்த நிலையிலேயே இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நம் கடற்கரையில் அதைக் கெடுப்பவை மூன்று: தூரம், சூடு, தண்ணீர். இந்த மூன்றையும் சமாளிக்கத் தெரிந்தவர்தான் இங்கே நல்ல டெக்னீஷியன்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை, நீட் கிடையாது. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. டி.எம்.எல்.டி. என்ற டிப்ளமோ இரண்டு வருடம். பயாப்ஸி (பரிசோதனைக்கு வெட்டியெடுத்த திசு) பார்த்து 'இது புற்றுநோய்' என்று எழுதிக் கையெழுத்திடுவது எம்.டி. நோய்க்குறியியல் படித்த மருத்துவரின் வேலை. அவர் பார்க்கும் ஸ்லைடைத் தயாரிப்பது உங்கள் வேலை. ராமநாதபுரத்தில் 2022-லேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பயிற்சி வருடத்தை எங்கே செய்தாலும், நோயாளிக் கூட்டம் அதிகமுள்ள அரசு மருத்துவமனையில் கொஞ்ச காலமாவது இருந்துவிடுங்கள்.

இனி தூரம். ராமேசுவரத்தில் காலை 7 மணிக்கு ரத்தம் எடுத்து, பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் லேபுக்குப் போய், அங்கே வரிசையில் காத்திருந்து, மெஷினில் சுற்றி அணுக்களைப் பிரிப்பதற்குள் 11 மணி ஆகிவிடும். டியூபுக்குள் இருக்கும் ரத்த அணுக்கள் அதுவரை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு நாலு மணி நேரம் கழித்து 100-ஐ ஒட்டி வரும். 126-ஓ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு. அந்த மனிதரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியதாகிவிடும்.

சாம்பல் மூடி டியூபில், சர்க்கரை குறைவதைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு இருக்கிறதே என்பார்கள். அது முழுதாக வேலை செய்யத் தொடங்க ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் கொஞ்சம் குறைந்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்தால் சர்க்கரைக்கு நல்லது. ஆனால் அதே பெட்டியில் சுற்றாத சிவப்பு மூடி டியூபும் இருந்தால் பொட்டாசியம் கெட்டுப்போகும். குளிரில் அணுக்களின் பம்ப் நின்று, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். சிறுநீரக நோயாளிக்கு 4.5 இருந்தது 6 என்று வந்தால் மருத்துவர் பதறிப்போவார். இரண்டுக்கும் ஒரே தீர்வு, ரத்தம் எடுத்த இடத்திலேயே, டியூபைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் வைப்பது. ஜெல் உள்ள மஞ்சள் மூடி டியூபில் எடுத்து, அரை மணி நேரம் உறையவிட்டு, 3000 சுற்றில் 10 நிமிடம் சுற்றினால் ஜெல் நடுவில் வந்து அணுக்களையும் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) பிரித்துவிடும். அதன் பிறகு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் குளிரில் அனுப்பலாம். கலெக்‌ஷன் சென்டர் திறப்பவர்கள் பெயர்ப் பலகைக்கு முன் இந்தச் சிறிய மெஷினை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரத்தம் எடுக்கும்போது டியூப் வரிசையும் முக்கியம். முதலில் நீலம், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா டியூபில், ரத்தம் உறையாமல் தடுக்க இருக்கும் ஈ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசியம் உப்பு. அதில் ஒரு துளி மஞ்சள் டியூபுக்குப் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். இரண்டும் ஒன்றாக விபரீதமாக வந்தால் நோயாளியைப் பயமுறுத்தாமல் மறுபடி எடுங்கள். நீல டியூபில் 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம், கோடு வரை நிரம்பியே ஆக வேண்டும். குறைந்தால் உறையும் நேரம் பொய்யாக நீளும். கட்டுப்பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் கையில் இருக்கக் கூடாது. சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, டியூப் மூடியைத் திறந்து, சுவர் ஓரமாக மெதுவாக விடுங்கள். ஊசி வழியாக வேகமாகத் தள்ளினால் அணுக்கள் உடைந்து சீரம் சிவக்கும்.

தண்ணீர் விஷயத்தைப் புத்தகங்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடும். நம் பகுதியில் அதற்கு ஒரு அத்தியாயமே வேண்டும். ரத்த அணுக்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் ஸ்டெயின் 100 மில்லி அசிட்டோன் இல்லாத மெத்தனாலுக்கு 0.15 கிராம். ஸ்மியர் (ஸ்லைடில் தடவிய ரத்தம்) மீது ஊற்றி 2 நிமிடம், அதன் மேல் இரண்டு மடங்கு பஃபர் தண்ணீர் (அமில-கார அளவு மாறாமல் காப்பது), கலந்து 8 முதல் 10 நிமிடம். பஃபரின் பி.எச்., அதாவது அந்த அளவு, 6.8 இருக்க வேண்டும். போர் தண்ணீரைக் கலந்தால், அதில் உள்ள காரத்தன்மையால் சிவப்பணுக்கள் நீலம் பாரிக்கும், இயோசினோஃபில் என்ற வெள்ளையணுவின் ஆரஞ்சு மணிகள் மங்கி அடையாளம் தெரியாமல் போகும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் பல நேரம் எதிர்ப்பக்கம் போகும். லேசான அமிலத்தன்மையால் எல்லாம் இளஞ்சிவப்பாகி, நியூக்ளியஸ் வெளிறிவிடும். காய்ச்சி வடித்த நீரில் பஃபர் மாத்திரையைக் கரைத்துக்கொள்ளுங்கள், கடைசியாக அலசுவதற்கும் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் இதே உவர் தண்ணீர் ஹிஸ்டோபேத்தாலஜியில் (திசு ஆய்வில்) கைகொடுக்கும். ஹீமாடாக்சிலின் என்ற சாயத்தில் சிவந்த நியூக்ளியஸை நீலமாக்கக் காரத்தன்மை தேவை. தண்ணீர் மென்மையாக உள்ள ஊர்களில் அதற்காக சோடியம் பைகார்பனேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும் கலந்து வைப்பார்கள். இங்கே குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

பயோகெமிஸ்ட்ரி அனலைசருக்குள் போகும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். காலையில் இரண்டு அளவு கண்ட்ரோல் (மதிப்பு முன்பே தெரிந்த சாம்பிள்) ஓட்டும்போது மற்றவை சரியாக இருந்து கால்சியமும் மெக்னீசியமும் மட்டும் நாளுக்கு நாள் மேலே ஏறினால், ரீஏஜென்டைக் (சோதனை ரசாயனத்தை) குறை சொல்வதற்கு முன் தண்ணீர் சுத்திகரிக்கும் ரெசினைப் பாருங்கள். அது தீர்ந்திருக்கும்.

மலேரியா பார்க்கத் தெரியாமல் இந்தக் கடற்கரையில் லேபில் உட்காரக் கூடாது. ராமேசுவரம் தீவில் சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் எடுக்கத் தோண்டும் குழிகளில்கூட மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு வளரும். ஒரே ஸ்லைடில் தடித்த ஸ்மியரும் மெல்லிய ஸ்மியரும் போடுங்கள். தடித்தது ஒரு சென்டிமீட்டர் அகலம், அதன் வழியே செய்தித்தாள் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். அதன் மீது மெத்தனால் படக் கூடாது, வெயிலிலும் விளக்கடியிலும் காயவைக்கக் கூடாது. சூட்டிலேயே அது நிலைத்துவிட்டால் சிவப்பணுக்கள் கரையாமல் ஒட்டுண்ணியை மறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள், எறும்பு வராமல் மூடியும் வையுங்கள், எறும்பு ஸ்மியரைத் தின்றுவிடும். இதற்குப் போடும் ஜீம்சா ஸ்டெயினுக்குப் பஃபரின் பி.எச். 7.2. அதில்தான் வைவாக்ஸ் என்ற மலேரியா வகையின் ஷுஃப்னர் புள்ளிகள் தெரியும், 6.8-ல் தெரியாது. 'இல்லை' என்று எழுதுமுன் ஆயில் லென்ஸில் 100 புலங்களாவது பார்த்திருக்க வேண்டும். எந்த வகை என்பதையும் எழுத வேண்டும், வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து திரும்ப வரும் என்பதால் மருந்தே மாறும்.

டெங்கு காலத்தில் தட்டணு 20,000 என்று மெஷின் சொன்னால் ஸ்மியரின் ஓரத்தையும் வாலையும் பாருங்கள். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக நின்றால் அது ஈ.டி.டி.ஏ. செய்த வேலை. நீல டியூபில் மறுபடி எடுத்து, அதில் சிட்ரேட் கலந்திருப்பதால் வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்குங்கள்.

மீனவர் ஒருவர் காலில் முள் குத்திய புண்ணோடு வந்தால், 'கடல் தண்ணீர் பட்ட புண்' என்று ரெக்விசிஷனில் (பரிசோதனைச் சீட்டில்) எழுதச் சொல்லுங்கள். கடல் தண்ணீரில் இருக்கும் விப்ரியோ பாக்டீரியா வகைகள் பல உப்பு கேட்பவை, அதை மனதில் வைத்து அவற்றை வளர்க்கும் டி.சி.பி.எஸ். தட்டிலும் போட வேண்டும். அந்தத் தட்டில் உள்ள சர்க்கரையை (சுக்ரோஸ்) நொதிக்கவைக்கும் காலராக் கிருமி மஞ்சளாக வளரும், பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாக வளரும். வயிற்றுப்போக்கு சாம்பிள் தொண்டியிலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ வருகிறதென்றால் கிருமி சாகாமல் காக்கும் கேரி-பிளேர் ஊடகத்தில் வர வேண்டும், வெறும் டப்பாவில் காய்ந்து வந்தால் பயன் குறைவு.

பயாப்ஸி திசுவைச் சலைனில் போட்டு அனுப்புவது இன்னும் நடக்கிறது. அது உள்ளுக்குள் அழுகத் தொடங்கிய திசு, எந்த ஸ்டெயினாலும் அதைத் திருத்த முடியாது. ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, லிட்டருக்கு சோடியம் பாஸ்பேட் மோனோபேசிக் 4 கிராம், டைபேசிக் 6.5 கிராம். பஃபர் சேர்க்காவிட்டால் அமிலமாகி ஸ்லைடில் கறுப்பு-பழுப்புப் பொடி படியும். திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். வெட்டும் முன் பாரஃபின் பிளாக்கை ஐஸ் மீது வையுங்கள், இந்தச் சூட்டில் வைக்காவிட்டால் 3 மைக்ரான் ரிப்பன் சுருங்கி நசுங்கும்.

உப்புக் காற்றும் ஈரமும் மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை வளர்க்கும். சாயங்காலம் ஆயிலை லென்ஸ் பேப்பரால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். ஸ்டெயின் பாட்டிலையும் திறந்து வைக்காதீர்கள், மெத்தனால் ஈரத்தை இழுத்தால் சிவப்பணுக்களில் பளபளக்கும் ஓட்டைகள் தோன்றும், புதியவர்கள் அதை ஒட்டுண்ணி என்று நினைத்துவிடுவார்கள்.

வேலைக்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி 10-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முதல் இரண்டு மணி நேரத்தில் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. மண்டபத்திலோ கீழக்கரையிலோ வேலை என்றால், அந்த மருந்து அருகில் எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும் என்பதைச் சேர்ந்த முதல் நாளே கேட்டு, சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.