ஐரோப்பியச் சந்தையின் விதிகள்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

குன்னூரில் தேயிலை ஏற்றுமதி ஆவணங்களைப் பல வருடம் பார்த்தவள் என்பதால், ஐரோப்பிய விதிகளைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம். வந்ததில் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விதிகள் எல்லாம் இணையத்தில் காசில்லாமல், யாரும் படிக்கும்படி கிடக்கின்றன. ஏஜென்ட் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பி நாம் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி: நான் பச்சை இலையை ஃபேக்டரிக்குப் போட்டுவிட்டு வருகிறேன். ஐரோப்பா விதி எனக்கு எதற்கு அக்கா?

நீங்கள் தோட்டத்தில் அடிக்கும் மருந்துதான் தம்பி, அங்கே துறைமுகத்தில் சோதனைக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் மருந்து எச்சத்துக்கு ஒரே வரம்பு. 396/2005 என்ற ஒழுங்குமுறையில் அது இருக்கிறது. ஒரு மருந்துக்கென்று தனி வரம்பு வைக்கவில்லை என்றால், கிலோவுக்கு 0.01 மில்லி கிராம் என்பதே பொது வரம்பு. இது காய்ந்த தூளுக்கான கணக்கு, பச்சை இலைக்கு அல்ல. நாலு, நாலரை கிலோ இலை வாடி வறண்டுதான் ஒரு கிலோ தூள் ஆகிறது. சில மருந்து சூட்டில் போய்விடும். போகாதது தூளில் கூடி நிற்கும்.

பார்க்கும் வழி சுலபம். 'இயூ பெஸ்டிசைட்ஸ் டேட்டாபேஸ்' என்று தேடினால் ஐரோப்பிய ஆணையத்தின் பக்கம் வரும். பொருள் பட்டியலில் தேயிலையைத் தேர்ந்தெடுத்து, மருந்தின் மூலப்பெயரைப் போடுங்கள். டப்பாவின் முன்னால் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரைப் போட்டால் எதுவும் வராது. வரும் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், கருவியால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவையே வரம்பாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மருந்தை அடிக்கவே வேண்டாம். அதற்கும் முன்னால், நம் தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறுகிற மருந்தை மட்டும் வாங்குங்கள்.

குன்னூர், ஃபேக்டரி மேற்பார்வையாளர்: எங்கள் தூளில் ஆந்த்ராகுவினோன் கூடுதல் என்று சோதனை முடிவு வந்தது. அந்த மருந்தை இங்கே யாருமே அடிப்பதில்லையே?

அடிக்காமலே வரும் ஐயா. தேயிலைக்கு அதன் வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லி கிராம், மிகச் சிறிய அளவு. விறகுப் புகையில் அது உண்டாகிறது. டிரையருக்குச் சூடான காற்று தரும் அடுப்பின் குழாயில் ஓட்டை விழுந்திருந்தால் புகை காற்றோடு கலந்து தூளில் ஏறிவிடும். பேக்கிங் காகிதத்திலிருந்தும் வரலாம். இலை போட்ட விவசாயியைக் குறை சொல்வதற்கு முன்னால் அடுப்பையும் குழாய்களையும் பிரித்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் விவசாயிகள் தலையில் பழி விழுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

மஞ்சூர், தூள் வியாபாரி: 'நீலகிரி டீயை அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்' என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

'ராஸ்ஃப் விண்டோ' என்று ஒரு தளம் இருக்கிறது. உணவில் ஆபத்து என்று ஒரு உறுப்பு நாடு கண்டுபிடித்தால் மற்ற எல்லா நாடுகளுக்கும் சொல்லும் எச்சரிக்கை ஏற்பாடு அது. 1979 முதல் நடக்கிறது. 2020-ல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பது தெரிந்து பெரிய பிரச்சினை ஆனதே, அந்த அறிவிப்புகள் எல்லாம் இதில்தான் வந்தன. நாடு இந்தியா, பொருள் தேயிலை, காலம் கடந்த ஆறு மாதம் என்று போட்டுத் தேடுங்கள். எந்த நாடு, என்ன பொருள், எவ்வளவு இருந்தது என்று வரும். கம்பெனிப் பெயர் வராது, மாவட்டமும் பெரும்பாலும் வராது. வாங்குகிறவர் தன் சொந்த நிபந்தனைப்படி திருப்பி அனுப்பியிருந்தால் அதுவும் இதில் ஏறாது. ஆனாலும் அறிவிப்பு ஒன்றுமே இல்லாதபோது 'அரசாங்கமே திருப்பிவிட்டது' என்று ஒருவர் சொன்னால், எந்த அறிவிப்பு, என்ன எண் என்று நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்.

கூடலூர், காபி விவசாயி: காடழிப்புச் சட்டத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். காட்டை அழித்து விளைவித்த பொருள் ஐரோப்பியச் சந்தைக்கு வருவதைத் தடுக்கும் 2023/1115 என்ற அந்த ஒழுங்குமுறையில் விவசாயிக்குச் சான்றிதழ் என்று எதுவும் இல்லை. உறுதிமொழி அறிக்கை தாக்கல் செய்யும் பொறுப்பு, பொருளை ஐரோப்பாவில் சந்தைக்குக் கொண்டுவருகிறவருடையது. உங்களிடமிருந்து அவருக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, காபி விளைந்த நிலத்தின் இருப்பிடம். 4 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் ஒரே ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும். செல்போனிலேயே எடுத்துவிடலாம். இரண்டு, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அந்த இடத்தில் காடு அழிக்கப்படவில்லை என்பதும், உள்ளூர்ச் சட்டப்படி பயிர் செய்யப்பட்டது என்பதும்.

உள்ளூர்ச் சட்டம் என்பதில் நில உரிமையும் அடங்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் இதுதான் எனக்குப் பெரிய கவலை. பழைய ஜமீன் போன்ற ஜென்மம் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வந்த 1969-ஆம் ஆண்டு ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலங்களில் தலைமுறையாகப் பயிர் செய்தும் பட்டா இல்லாமல் இருப்பவர்கள் பலர். இந்தியாவைக் குறைந்த ஆபத்துள்ள நாடு என்று 2025 மே மாதம் வகைப்படுத்தினார்கள். அதனால் வாங்குகிறவரின் ஆய்வு சுருங்கும், ஆனால் இருப்பிட விவரமும் சட்டப்படியான உற்பத்தியும் வேண்டாம் என்று ஆகிவிடாது. வரி ரசீது, பழைய அனுபவ ஆவணங்கள் எல்லாவற்றையும் இப்போதே ஒன்றாகச் சேர்த்து வையுங்கள்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 2024 டிசம்பர் என்றார்கள், இரண்டு தடவை தள்ளிப்போனது. 2025 டிசம்பரில் வந்த திருத்தப்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சிறு, குறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. ஒன்றியத்தின் சட்டங்கள் எல்லாம் இருக்கும் 'யூர்-லெக்ஸ்' தளத்தில் சட்ட எண்ணைப் போட்டு, திருத்தங்களைச் சேர்த்த வடிவத்தைத் திறங்கள். அது எந்தத் தேதி வரைக்குமானது என்று மேலேயே இருக்கும். படிக்க அது வசதி, ஆனால் சட்டப்படி செல்லுவது அதிகாரபூர்வ இதழில் வந்த மூலம்தான். பின்னிணைப்பில் எந்தெந்தப் பொருள் என்ற பட்டியல் இருக்கிறது. காபி உண்டு, ரப்பர் உண்டு. தேயிலை இல்லை. தேயிலைக்கும் இந்தச் சான்றிதழ் வேண்டும் என்று யாராவது வந்தால் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

அதே ஊர், இன்னொருவர்: கொட்டையாக அனுப்பாமல் வறுத்து அனுப்பினால் வரி கூடுமா?

கூடும். பொதுவான வரி விகிதப்படி வறுக்காத கொட்டைக்கு வரி கிடையாது, வறுத்த காபிக்கு 7.5 சதவீதம். கருப்புத் தேயிலைக்கு இல்லை, 3 கிலோவுக்கு மேற்படாத பொட்டலத்தில் போகும் கிரீன் டீக்கு 3.2 சதவீதம். சலுகை விகிதம் ஏதாவது இருந்தால் 'ஆக்சஸ் டூ மார்க்கெட்ஸ்' தளத்தில் அதே பக்கத்தில் தெரியும். பொருளின் எச்எஸ் எண் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்), இந்தியா, போய்ச்சேரும் நாடு மூன்றையும் கொடுங்கள். சுங்க வரி 27 நாட்டுக்கும் ஒன்றுதான், உள்நாட்டு வாட் வரி மட்டும் நாட்டுக்கு நாடு மாறும்.

ஊட்டி, மகளிர் குழு: தோடர் பூவேலைச் சால்வைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஐரோப்பாவிலும் அது செல்லுமா மேடம்?

தானாகச் செல்லாது அம்மா. அங்கே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். டார்ஜிலிங் தேயிலை 2011-லும் காங்க்ரா தேயிலை 2023-லும் அப்படிப் பதிவானவை. கைவினைப் பொருளுக்கு ஒன்றிய அளவில் அந்த வழியே முன்பு கிடையாது. 2023/2411 ஒழுங்குமுறை வந்து, 2025 டிசம்பர் 1 முதல் கதவு திறந்திருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் உற்பத்தியாளர் குழு, ஐரோப்பிய அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு நேராகவே விண்ணப்பிக்கலாம். மெஷினில் அடித்த போலிச் சால்வைகள் இங்கேயே கடைகளில் தொங்குகின்றன, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நேரடியாக விற்பதற்கு இன்னொன்றும் தேவை. 2024 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கும் பொருள் பாதுகாப்பு விதிப்படி, ஒன்றியத்துக்குள் உங்கள் பொருளுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் இருக்க வேண்டும். துணியில் பருத்தி எத்தனை சதவீதம், வேறு நூல் எத்தனை என்ற விவரமும் லேபிளில் வர வேண்டும்.

ஊட்டி, தைலக் கடை: யூகலிப்டஸ் சோப்பை பிரான்சில் ஆன்லைனில் விற்கலாமா?

அது அழகுசாதனப் பொருள் விதியில் வரும், 1223/2009. ஒன்றியத்துக்குள் ஒரு பொறுப்பாளர், பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை, விற்கும் முன் ஐரோப்பிய ஆணையத்தின் அறிவிப்புத் தளத்தில் பதிவு என்று வேலை அதிகம். சின்ன அளவில் செய்கிறவர், அங்கே ஏற்கெனவே விற்கிற ஒருவர் மூலமாகப் போவது நல்லது.

கூடலூர், ஒரு தாய்: மகள் நர்ஸ். ஜெர்மனியில் வேலை அனுமதி கிடைத்தால் பிரான்சிலும் வேலை பார்க்கலாமா?

முடியாது. எந்த நாட்டிலும் வேலை செய்யும் உரிமை ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். ஜெர்மன் அனுமதியோடு பிரான்சுக்குச் சுற்றிப்பார்க்கப் போய்வரலாம், 180 நாளில் 90 நாள் வரை.

கோத்தகிரி, விவசாயிகள் சங்கம்: விதி போட்ட பிறகு படிக்கிறோம். போடும் முன்னால் நாம் ஏதாவது சொல்ல முடியுமா?

முடியும், இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். 'ஹேவ் யுவர் சே' என்ற தளத்தில் ஆணையம் தன் வரைவு விதிகளை வெளியிடுகிறது. பெரும்பாலும் நாலு வாரம் திறந்திருக்கும். எந்த நாட்டவரும் கணக்குத் தொடங்கிக் கருத்து எழுதலாம், எழுதியது எல்லோரும் படிக்கும்படி அங்கேயே வெளியாகும். தமிழில் எழுத வழியில்லை. ஒன்றியத்தின் 24 மொழிகளில் ஒன்றாக இருக்க வேண்டும், நமக்கு ஆங்கிலம். பொதுவாகக் 'கஷ்டமாக இருக்கிறது' என்று எழுதினால் பயனில்லை. ஒரு ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்திருப்பவர்கள் எப்படி ஒரே ஃபேக்டரிக்கு இலை போடுகிறார்கள், ஒருவர் தோட்டத்து எச்சம் எப்படி எல்லோருடைய தூளையும் பாதிக்கிறது, ஒரு சோதனைக்கு எவ்வளவு செலவாகிறது, வரம்பை மாற்றினால் மாற்று மருந்துக்கு எத்தனை மாதம் தேவை என்று உங்கள் கணக்கோடு எழுதுங்கள். தமிழில் எழுதி எனக்கு அனுப்பினால் ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறேன். சங்கத்தின் பெயரில் போகட்டும்.