‘ஹிஸ்’ என்றால் எப்போதும் சீறுவதா?

ஆங்கிலக் கதையை மொழிபெயர்க்கும்போது, ஒரு பெண் பேசும் வரியில் வரும் ‘ஹிஸ்’ (hiss) என்ற சொல்லுக்குச் ‘சீறினாள்’ என்று போட்டது இடறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியில் ‘சீறினாள்’ வேண்டாம். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று அவள் “கெட் அவுட்” என்று ‘ஹிஸ்’ செய்கிறாள் என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்குரலில் சொல்கிறாள் என்று அர்த்தம். கோபம் முழுசாக இருக்கிறது, சத்தம்தான் இல்லை. தமிழில் ‘சீறினாள்’ என்றதும் குரல் உயர்ந்துவிடுகிறது, உங்களுக்கு இடறுவது அதுதான்.

அகராதியில் முதலில் பாம்பின் சீறல் வருவதால் அதையே எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உண்மையில் அந்தச் சொல் காற்று இடுக்கில் பீறிடும் ‘ஸ்ஸ்’ ஓசையைப் போலச் செய்தது, பாம்பு அதில் ஒரு உதாரணம் மட்டுமே.

சரிபார்க்க ஒரு வழி: ஓசை எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். பாம்பு, பூனை என்றால் ‘சீறியது’ கச்சிதம். பஞ்சரான டயருக்கு ‘புஸ்ஸென்று காற்று இறங்கியது’. நாடகம் பார்க்கும் கூட்டம் நடிகரைப் பார்த்து ‘ஹிஸ்’ செய்தால் அது வெறுப்பைக் காட்டுவது, அங்கே ஓசையை விட்டுவிட்டு எதிர்ப்பை எழுதினால் போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பேச்சில் ‘ஸ்’ ஒலி இல்லாவிட்டால் இந்தச் சொல் பொருந்தாது என்று ஆங்கிலத்திலேயே சிலர் அடம்பிடிப்பார்கள், ஆனால் கதைகளில் பலரும் அப்படிப் பார்த்து எழுதுவதில்லை. “கெட் அவுட்”டில் ஏது ‘ஸ்’?